சாவில்லாத வீட்டு ஒப்பாரி

என் அன்புக்கும் சந்தேகத்துக்கும் ஒருசேர உரிய சரசு மச்சாளுக்கு,

நீர் போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் நல்லதோ? சுகம் விசாரிப்பதெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு. நம் இருவருக்கும் இடையில் எந்தக் கதையும் தண்ணீரில்தான் தொடங்கும், முக்கால்வாசி நாள் சண்டையில் முடியும். அந்த வழக்கத்தை ஏன் மாற்றவேணும் என்று இப்படியே தொடங்குகிறேன்.

நான் இப்போது புங்குடுதீவில் இல்லை. ராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது மடத்துவெளி வீட்டைப் பூட்டிக்கொண்டு உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறினோம். உம்முடைய தம்பியும் நானும் வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட ரீச்சரின் வளவில், அவர் வீட்டுச் சுவரோடு இறக்கிய ஒரு பத்திக்குள் இருக்கிறோம். நம் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், ஆடா மாடா, ஒன்றும் தெரியாது.

ரீச்சர் நல்ல மனுசி. அதனால்தான் எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கிறார். இடம்பெயர்ந்து வந்தவர்களும் ஊரவர்களும் ஒன்றாக இருந்து பாட்டு, கூத்து, கதை என்று ஒருவரையொருவர் அறிய வேண்டுமாம். நேற்று என்னிடம் வந்தார்.

“தீவார் ஒப்பாரியும் கூத்துப்பாட்டும் நல்லாப் பாடுவியளாம். இந்தச் சனிக்கிழமை நீங்களும் ஒண்டு பாடுங்கோவன் அக்கா” என்றார்.

எனக்கு அந்த நிமிடமே உம்முடைய முகம்தான் முன்னால் வந்தது. இந்த வித்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவள் அல்லவா?

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளும். நீர் என் புருஷனின் தமக்கை. அதற்கு முன்பே, வயதில் என்னைவிட மூத்தவரானாலும், ஒரே பள்ளிக்கூட வாங்கில் என்னோடு இருந்து படித்தவர். கலியாணம் முடித்து மலைநாட்டுக்குப் போனீர். உம்முடைய அவருக்கு அங்கே பலசரக்குக் கடை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உங்கள் இரண்டு பேரையும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் பாக்கியமும் அவள் புருஷன் சிவனுவும். பிறகு அந்த லயமும் மிஞ்சவில்லை. நீர் ஊருக்குத் திரும்பியபோது அவர்களையும் அவர்களுடைய சொந்தக்காரரையும் பிள்ளை குட்டிகளோடு கூட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்.

கடற்கரைப் பக்கம் உமக்குச் சீதனமாகத் தந்த பனங்காணியில் அவர்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தீர். நல்ல காரியம்தான். ஆனால் அங்கே எங்கே தோண்டினாலும் உவர். நல்ல தண்ணீர் இருந்தது நாங்கள் இருந்த வளவுக் கிணற்றில். அப்போதே நான் நினைத்தேன், இவள் காணியைக் கொடுத்துவிட்டு என் கிணற்றில் கண் வைத்திருக்கிறாள் என்று.

பாக்கியம் காலையில் குடத்தோடு வந்து வேலிக் கரையில் நிற்பாள். நான் அள்ளி ஊற்றுவேன். தண்ணீர் இறைக்கிற துலாவை அவள் தொடுவதில்லை. தொடாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை நம் ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. “ஆர் ஆக்கள்?” என்று, அதாவது என்ன சாதி என்று, அவர்களைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். நீர் ஒருவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. மறுமொழி வராத இடத்தில் ஊர் தானே ஒரு மறுமொழியைப் போட்டுக்கொண்டது.

எனக்கு ஒரு நியாயம் இருந்தது. தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புக்கு மேலே மெல்லியதாகக் கிடப்பது. கண்டபடி அள்ளினால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறிவிடும். பிறகு யாருக்கும் இல்லை. அந்த நியாயத்துக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருந்தது என்று நீர் சொல்வீர். சொல்லும். நான் இப்போதும் உவர் என்றுதான் சொல்வேன்.

ஆனால் நான் சந்தைக்கோ கலியாண வீட்டுக்கோ போன நாட்களில் பாக்கியத்தின் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் இல்லை. அவளுடைய கடைசிப் பிள்ளை உவர்த் தண்ணீரைக் குடித்து வயிற்றாலே போய்ச் சுருண்டு கிடந்தது. அன்று பின்னேரம்தான் நான் சமைத்துக்கொண்டு நிற்க நீர் என் குசினி வாசலில் வந்து நின்றீர்.

“நாகேசு, அவள் தன்ர பாட்டில அள்ளிக்கொண்டு போனா என்ன?”

“அது ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“ஏலாதெண்டா ஏலாது மச்சாள். உவர் ஏறிப்போகும்.”

நீர் சண்டை பிடிக்காமல் திரும்பிப் போனீர். சந்தேகம் எனக்கு அங்கேதான் பிடித்தது. நீர் வாய் மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லையே.

அடுத்த ஞாயிறே நம் வளவின் பழைய புகையிலைக் கொட்டிலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தீர். என்ன என்று கேட்டேன். “சும்மா பாட்டுப் படிக்கப் போறம், நீரும் வாரும்” என்றீர். உம்மிடம் எது சும்மா நடந்திருக்கிறது? நான் வரவில்லை. ஆனால் குசினி யன்னல் கொட்டிலைப் பார்த்தபடிதானே இருந்தது.

முதல் நாள் பார்க்க வேடிக்கையாக இருந்தது. மலைநாட்டார் ஒரு சுவரோடு, நம்மவர்கள் மறு சுவரோடு. நடுவில் ஒரு ஆள் படுக்கக்கூடிய அளவு வெறும் பாய். நாரந்தனையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் செபமாலை அண்ணை, மீன்பெட்டியை வேலிப் படலையில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து நடுப்பாயில் நின்றார். அவர் தங்கள் கோயில் கூத்தில் ராசா வேஷம் கட்டுகிறவர். ராசா சபைக்கு வருகிற பாட்டை அவர் எடுத்த எடுப்பில் பாக்கியத்தின் பிள்ளைகள் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

பாக்கியம் வாய் திறக்க மூன்று ஞாயிறு எடுத்தது. கொழுந்து எடுக்கும்போது படிக்கிற பாட்டு என்றாள். குளிரும் கங்காணியும், காலில் ஏறுகிற அட்டையும் அதில் வந்தன. நம் பெண்டுகள் அட்டையைக் கண்டவர்களா? பக்கத்து வளவுத் தங்கம்மா மாமி, சம்பிரதாயம் தவறாதவர், யாரோடும் லேசில் வாய் கொடுக்காதவர், அவரே “பிள்ளை, அந்த அட்டை ரத்தம் குடிக்கிறதை இன்னொருக்காச் சொல்லு” என்று முன்னுக்கு நகர்ந்து இருந்தார். பாக்கியம் தன் பங்குக்குக் கடலைக் காட்டி, “இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வாய் குடிக்க முடியலீங்களே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யன்னலில் நின்ற எனக்கு அது என்னைப் பார்த்துச் சொன்னது போலப் பட்டது.

சந்தேகம் எனக்கு மட்டும் இருந்ததென்று நினையாதேயும். இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து, “என்ன கூட்டம் இது, ஆர் பொறுப்பு?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். செபமாலை அண்ணை மீன் விற்கத்தான் பாடுகிறார் என்று சிலர் சொன்னார்கள். சிவனுவும் ஒரு நாள் கொட்டிலுக்குப் பின்னால் பாக்கியத்திடம் சொன்னதை நான் கேட்டேன்: “நம்மள எதுக்குப் பாடச் சொல்றாங்க? ஆளு எப்படின்னு பாக்கவா?” அவன் கேட்டதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

இனி அந்த ஞாயிறுக்கு வருகிறேன். இதில் நீர் நழுவ முடியாது, எல்லாவற்றையும் என் கண்ணால் கண்டேன்.

மாமா, அதாவது உம்முடைய ஐயா, அப்போது இழுப்பு வருத்தத்தோடு நடு அறையில் படுத்திருந்தார். இன்றோ நாளையோ என்று ஊர் முழுவதும் காது கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அன்றைக்குப் பார்த்துத்தான் சிவனு தன் தப்புப் பறையைக் கொண்டுவந்திருந்தான். அவர்களுடைய தோட்டத்தில் தப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். விடியற்காலை வேலைக்கு எழுப்புவதற்கும் தப்பு, திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் தப்பு. நம் ஊரில் ஒரு வளவுக்குள்ளிருந்து பறைச்சத்தம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது சிவனுவுக்குத் தெரியாது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த உமக்கும் தெரியாதோ?

ஓலை கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு அவன் உம்மைக் கேட்டான், “இங்க அடிக்கலாங்களாம்மா?” நீர் என்ன சொன்னீர்? “அடியும் சிவனு. ஊருக்குக் கேக்க நல்லா அடியும்.” இரண்டு காதாலும் கேட்டேன் மச்சாள்.

அவன் அடித்தான். நான் தேத்தண்ணிக்குச் சீனி அளந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் படலையில் “ஐயோ” என்று ஒரு குரல். பார்த்தால் தங்கம்மா மாமி தலையை விரித்துக்கொண்டு ஓடி வருகிறார், பின்னால் தெருப் பெண்டுகள் முழுப்பேரும். ஒருவர் பந்தல் போடக் கத்தியும் கயிறுமாக வந்துவிட்டார். இன்னொருவர் ஊர்காவற்றுறைச் சொந்தக்காரருக்குச் சொல்லச் சைக்கிளைத் திருப்பிவிட்டார். மாமி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நான் தேத்தண்ணி போட்ட நேரத்துக்குள் மாமா உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். விழுந்து விழுந்து அழுதேன்.

என் அழுகையைக் கேட்டுக் கொட்டிலிலிருந்து பாக்கியம் ஓடி வந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு பெண்டுகளின் வட்டத்துக்குள் புகுந்து, என் தோளில் கை போட்டு, தங்கள் பக்கத்து ஒப்பாரியை எடுத்தாள். அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமாவுக்கு மட்டும் அவள் அழவில்லை. எரிந்த லயத்துக்கும், விட்டுவந்த மலைக்கும், யார் யாருக்கோ எல்லாம் அழுதாள். நம் பெண்டுகள் ஒவ்வொருவராகத் தங்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளைக் கேட்கத் தொடங்கினார்கள். நான் மாமாவுக்காகவா அவளுக்காகவா என்று தெரியாமலே அழுதேன்.

அந்த நேரம் நடு அறைக் கதவு திறந்தது. மாமா பொல்லை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஆரடி செத்தது?”

கத்தியோடு வந்தவர்தான் கடைசியில், “நீங்கள் எண்டு நினைச்சு வந்தனாங்கள் அண்ணை” என்றார். மாமா முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எனக்கெண்டோ இவ்வளவு சனம்? கதிரை ஒண்டு கொண்டு வாங்கோ. தம்பி, நீ அடி. நானும் ஒருக்காக் கேப்பம்.”

சிவனு தப்பை மறுபடி தோளில் மாட்டினான். பிறகு அடித்தான். மாமா கதிரையில் இருந்து தாளத்துக்குப் பொல்லைத் தட்டினார். சனம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றது. அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஆனால் தங்கம்மா மாமி படலையை மறித்துவிட்டார்.

“செத்தாலும் சாகாட்டிலும் ஒப்பாரி வைச்சது வைச்சதுதான். அழுதவை ஒருத்தரும் முழுகாமல் போகேலாது.”

அழுத கையோடு யாரும் துலாவைத் தொடக்கூடாது. முழுகாதவள் அள்ள முடியாது, அள்ளாமல் முழுக முடியாது. அப்போ அழாதவள் ஒருத்தி வந்து முதல் வாளியை ஊற்ற வேண்டும். மாமி சுற்றிப் பார்த்தார். அவ்வளவு பெண்டுகளுக்குள் கண் நனையாமல் நின்றது நீர் ஒருத்திதான். செத்தது உம்முடைய தகப்பன் என்று ஊரே அழுதபோது, மகளான நீர் கொட்டில் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றீர். இதற்கு என்ன சொல்லப் போகிறீர்?

“முதல்ல ஆர்?” என்று கேட்டீர். மாமியே சொன்னார், “அந்தப் பிள்ளைதானே எல்லாரிலும் கூட அழுதது. அதுக்கு முதல் வாரும்.” நீர் பாக்கியத்தின் தலையில் இரண்டு வாளி வார்த்தீர். பிறகு தோளைத் தடவிக்கொண்டு, “எனக்குக் கை நோகுது பாக்கியம், நீர் முழுகினதுதானே, மிச்சப் பேருக்கு நீர் அள்ளும்” என்றீர். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்ன செய்வார்? அவர் சொன்ன சம்பிரதாயப்படி அந்த முற்றத்தில் துலாவைத் தொடத் தகுதியானவர்கள் உங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை.

பாக்கியம் துலாவைப் பிடித்தாள். என் தலையில்தான் முதலில் வார்த்தாள். தண்ணீர் குளிர்ந்துகொண்டு முதுகில் இறங்கியது. உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றீர்.

இரண்டு நாட்களுக்குப் பிறகு உம்மிடம் நேராகவே கேட்டேன், “மச்சாள், இது நீர் போட்ட திட்டமோ?” நீர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னீர், “நீர் ஒரு சந்தேகப் பிராணி நாகேசு.” அது மறுமொழியா? மாமா பிறகு உண்மையாகவே கண் மூடியபோது சனம் படலையில் நின்று, “உண்மையோ?” என்று கேட்டுவிட்டுத்தான் அழத் தொடங்கியது. உம்மையும் நெஞ்சுநோ ஒரு விடியற்காலை கொண்டுபோய்விட்டது. நான் உம்முடைய தலைமாட்டில் இருந்து அழுதபடி மனதுக்குள் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஒப்பாரிக்கு அடுத்த காலையைப் பற்றி உமக்கு நான் சொன்னதில்லை. பாக்கியம் வழக்கம்போல வேலிக் கரையில் குடத்தோடு நின்றாள். “துலா அங்கைதானே நிக்குது, வந்து அள்ளன்” என்றேன். அவள் அசையவில்லை.

“நேத்து எழவுக்காக விட்டீங்க. இன்னிக்கி எதுக்காக விடுறீங்கக்கா? நாளைக்கி வேணாம்னுட்டா புள்ளைங்க முன்னாடி அசிங்கமாப் போயிடும்ங்க.”

என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி. “உவர் ஏறாத மட்டும் அள்ளு” என்றேன். எனக்கு வாயில் வந்தது அவ்வளவுதான். அவள் வந்து அள்ளினாள். அந்தக் கோடையில் தண்ணீர் கொஞ்சம் கரிக்கத்தான் செய்தது. நான் சொன்னேனா இல்லையா? ஆனாலும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை; அவளும் அதற்குப் பிறகு பாதிக் குடத்துக்கு மேல் அள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டிலில் நானும் போய் இருந்தேன். எந்தச் சுவரோடு என்று கேளாதேயும்.

இப்போது ரீச்சர் வளவுக்கு வாரும். இங்கே கிணறு நிறையத் தண்ணீர், வலிகாமத்துத் தண்ணீர் சீனி. ஆனால் நான் வாளியை எடுத்தால் ரீச்சர் ஓடி வருவார். “விடுங்கோ அக்கா, நீங்கள் கரைச்சல்படாதேங்கோ, நாங்கள் அள்ளித் தாறம்.” எவ்வளவு மரியாதை! எனக்கல்லவா தெரியும் அந்த மரியாதை. நேற்று அவர் பாடச் சொல்லிக் கேட்டபோது நான் சொன்னேன், “ரீச்சர், உங்கட கிணத்தில நானே அள்ளலாமோ எண்டு முதல்ல சொல்லுங்கோ. பாட்டைப் பிறகு பாப்பம்.” அவர் முகம் சுண்டிப்போனது. இன்று காலைவரை மறுமொழி இல்லை.

சொல்ல வந்த பெரிய செய்தி வேறு. நாங்கள் வள்ளம் ஏறிய நாட்களில் பாக்கியம் வீட்டார் வன்னிப் பக்கம் போனார்கள் என்று மட்டும் தெரியும். செபமாலை அண்ணை இப்போது கிளாலிக் கடலால் வன்னிக்குப் போய்ச் சாமான் கொண்டுவருகிறார். போன கிழமை தேடிப்பிடித்து வந்து சொன்னார், பாக்கியத்தைக் கண்டாராம். காடு வெட்டிக் கொட்டில் போட்டிருக்கிறார்களாம். அவள் எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“நாகேசு அக்காவ வரச் சொல்லுங்க. இங்க கெணறு வெட்டிட்டோம். வந்தா அவங்களே அள்ளிக்கிடலாம்னு சொல்லுங்க.”

நான் செபமாலை அண்ணையைக் குடைந்தெடுத்துவிட்டேன். “சிரிச்சுக்கொண்டு சொன்னவளோ, சிரிக்காமல் சொன்னவளோ?” அவர் பாவம், “நெல்லு அவிச்சுக்கொண்டு நிண்டவள் பிள்ளை, ஒரே புகை, நான் முகத்தைப் பாக்கேல்லை” என்றார்.

இது கூப்பிட்டதா மச்சாள், குத்தினதா? ஒரு கிழமையாக நித்திரை இல்லை. நீர் இருந்தால் அவள் மனதில் உள்ளதைச் சொல்லியிருப்பீர். நானும் உம்மை நம்பாமல் விட்டிருப்பேன். உம்முடைய தம்பி, அந்தக் கடலைத் தாண்டப் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்கிறார். எனக்குக் கடலில் பயமில்லை. அக்கரையில் அவளுடைய கிணற்றடியில் போய் நிற்கத்தான் பயம்.

ஆனாலும் போவேன். கூப்பிட்டதென்றால் அதற்காகப் போவேன். குத்தினதென்றால் அது எனக்கு வரவேண்டிய குத்து, போய் வாங்கிக்கொள்வேன். அள்ளு என்றால் அள்ளுவேன், நில் என்றால் நிற்பேன். உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன், என் வாழ்நாளில் யாருக்கும் தராத வாக்கு: அவள் எது செய்தாலும், ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன்.

உம்மிடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உம்முடைய தம்பி பெண்சாதி,
உம்மை இன்னும் முழுதாக நம்பாத மச்சாள்
நாகேசு